தங்கையிடம் துக்கம் கேட்கப் போனவள்

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்கவைத்த வங்கி மேலாளரிடம், "சார், இது கார், தவளை இல்ல" என்றவள். அதனாலேயே சாவு வீடுகளுக்குக் கணவர்தான் போய்வருவார். இவள் வாயைத் திறந்தால் ஆறுதல் அடிதடியில் முடியும் என்பது குடும்பத்தார் கணிப்பு.

சித்தப்பா இறந்தபோது கணவர் காய்ச்சலில் படுத்திருந்தார். "'மனசைத் தேத்திக்கோ'ன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத" என்று சொல்லி அனுப்பினார். சிக்னலுக்குச் சிக்னல் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அடக்கம் முடிந்திருந்தது. கூடம் நிறைய உறவினர்கள். "தங்கமான மனுஷன்" என்றார்கள் ஆளுக்கு ஆள். அந்தத் தங்கம் பெற்ற மகளிடம் முகம் கொடுத்துப் பேசி இவள் பார்த்ததில்லை. படுக்கையில் விழுந்தபின் அவரைத் துடைத்து, ஊட்டி, தூக்கி உட்காரவைத்தது அந்த மகள்தான். அப்போதும் கஞ்சியில் உப்பில்லை என்று திட்டத்தான் செய்தார்.

அந்த மகள், இவளுக்குத் தங்கை, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று அத்தை அவள் காதில் விழும்படியே முணுமுணுத்தாள். இவள் பக்கத்தில் அமர்ந்து தொண்டையைச் செருமினாள்.

"மனசைத்..."

தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு அழுகையே வரல. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க."

"வரலேன்னா விடு. கடைசியா எப்ப தூங்கின?"

"ஞாபகமில்ல."

"எந்திரி, வா."

வாசலில் நின்ற காரின் பின்னிருக்கையில் அவளைப் படுக்கவைத்து, தெருக்கோடி மர நிழலுக்கு ஓட்டிப்போய் நிறுத்தினாள். அன்றைய பயிற்சிகளை போனிலேயே ரத்து செய்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னடி இது? வந்தவங்க எல்லாம் அவ எங்கன்னு கேக்கறாங்க."

"தூங்கறா அத்தை. அவங்களைக் காபி குடிச்சிட்டு இருக்கச் சொல்லுங்க."

அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். தங்கை வெயில் தாழும்வரை குறட்டை விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "சொன்னியா?"

"பாதி சொன்னேன். அவ தூங்கிட்டா."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். காய்கறிக் கடையில் ஒரு பெரியவர் கடைக்காரரிடம் எரிந்து விழுந்தாராம். அச்சாக அப்பா குரலாம். நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதுவிட்டாளாம்.

"கடைக்காரர் என்ன பண்ணாரு?"

"பயந்துபோய் ரெண்டு தக்காளி சும்மா குடுத்தாருக்கா" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.