டக்ளஸின் பேச்சுப் பயிற்சி

டக்ளஸ் கிறிஸ்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது அவரை சர்ச்சுக்குக் கூப்பிட்டால், மாரியம்மன் கோயில் கமிட்டியில் தான் வகிக்கும் பதவியை விளக்கி முடிக்க அவருக்கு அரை மணி நேரமாகும். டக்ளஸ் என்பது இலங்கைத் தோட்டத்தில் அவர் அப்பாவுக்குப் பிடித்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். துரையின் பெயர் வந்ததே தவிர அளந்து பேசும் குணம் வரவில்லை.

நடுவட்டத்துக்குக் கீழே எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. அது சம்பளத்துக்கு. உண்மையான உத்தியோகம் மற்றவர்களுக்காகப் பேசுவது. யூனியன் கூட்டத்தில் பேசட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? பக்கத்து வீட்டு ஆண்டாயியை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர், டாக்டர் கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொல்லி, முதுகுவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டக்ளஸ் வாயால் அடுத்தவர்கள்தான் கெடுவார்கள்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்ஷிகாவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்தபோதே சொல்லிவிட்டார்கள். காதில் குறையில்லை என்று சோதித்தும் பார்த்தாயிற்று. வாரம் ஒருநாள் லீவு போட்டு, டக்ளஸும் அவர் மனைவி வனிதாவும் குழந்தையை ஊட்டியில் இருக்கும் பயிற்சி சென்டருக்கு பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். அங்கே உமாராணி டீச்சர் ஒருநாள், "இங்க ஒரு மணி நேரம் நான் சொல்லித் தர்றது பத்தாதுங்க. வாரம் பூரா ஊட்டுல நீங்கதானுங்க டீச்சர். பேச்சுப் பயிற்சி உங்க கையிலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

பேச்சுப் பயிற்சி என்றால் டக்ளஸுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று சாயங்காலமே, தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வாசலில் நாற்காலி போட்டுக் குழந்தையை உட்காரவைத்து, ஃபேக்டரி முன்னால் யூனியன் போடும் கேட் மீட்டிங் போல ஆரம்பித்துவிட்டார். லைன் வீடுகள் மொத்தமும் பயிற்சியில் சேர்ந்துகொண்டது. கொழுந்து எடுத்துத் திரும்பும் பெண்கள் ஆளுக்கொரு வார்த்தையை அவள் காதில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். தன்ஷிகா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர்ச் செம்பை அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று கைகள் செம்பை நீட்டின. ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இந்தச் சௌகரியம் கிடையாது. பேச அவளுக்கு என்ன அவசரம்?

அடுத்த வாரம் உமாராணி குழந்தையிடம், "பந்து வேணுமா தன்ஷி?" என்று கேட்டார்.

"வேணுங்க டீச்சர்" என்றார் டக்ளஸ்.

"எந்தப் பந்து?"

"செவப்புங்க."

டீச்சர் பந்தைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, பந்து உங்களுக்கா, பாப்பாவுக்கா? கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. பாப்பா பார்ப்பா, கையை நீட்டுவா, ஒரு சத்தம் வரும். அதுக்கு எடம் விடுங்க. கேக்காமயே எல்லாம் கெடச்சா, கேக்கோணும்னே தோணாதுங்க. நாளைக்கு ஸ்கூல்ல தாகம் எடுத்தா யாருகிட்டச் சொல்லுவா? நீங்க அங்க இருப்பீங்களா?"

டக்ளஸுக்கு முகம் செத்துப்போயிற்று. திரும்பி வரும் பஸ் பைக்காரா தாண்டியும் வாய் திறக்கவில்லை. காய்ச்சலோ என்று வனிதா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

திருவிழாவில் நாக்கில் அலகு குத்திக்கொள்கிறவன்கூட சாயங்காலம் எடுத்துவிடுவான். டக்ளஸுக்கு அந்த வசதியும் இல்லை. கேட்பார், வாயைப் பூட்டிக்கொள்வார், கண் பிதுங்க எண்ணுவார். வனிதாவுக்கு இதெல்லாம் சுலபமாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து தன் முறைக்காகக் காத்திருந்து பழகியவள் அவள்.

வெளியிலும் பேச்சுக் குறைந்துபோன டக்ளஸை நிர்வாகம் விலைக்கு வாங்கிவிட்டது என்று லைனில் வதந்தி கிளம்பியது. அந்தச் சமயம் பார்த்துக் குழாய்த் தண்ணீர் விஷயமாக மேனேஜரைப் பார்க்கப் போனோம். "எப்ப சார் சரி பண்ணுவீங்க?" என்று கேட்ட டக்ளஸ், பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷமாகப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார் என்பதால் மேனேஜருக்கு அந்த வேலையே இருந்ததில்லை. நெளிந்தார், பேனாவை உருட்டினார், கடைசியில் வெள்ளிக்கிழமைக்குள் செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார். என்ன ராஜதந்திரம் என்று எல்லோரும் மெச்சினோம். டக்ளஸுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. மேனேஜர் பேசிவிட்டார், மகள் பேசவில்லையே!

மாதங்கள் போயின. ஒருநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, கையில் ஒரு வர்க்கி பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, "தன்ஷி, என்ன வேணும்?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். காத்திருந்தார். அழுதாள். காத்திருந்தார்.

"அடேய், பச்சப் புள்ளய ஏன்டா வதைக்கிற? நீயெல்லாம் ஒரு தகப்பனா?" என்று ஆண்டாயி தன் வீட்டு வர்க்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். டக்ளஸ் பேசாமல் கையை நீட்டித் தடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.

"தா" என்றாள் தன்ஷிகா.

அவ்வளவுதான், அணை உடைந்தது. எழுந்து முற்றத்துக்கு ஓடினார். "கேட்டீங்களா? எம்மவ பேசிட்டா!" அடக்கிவைத்திருந்த அத்தனை மாதப் பேச்சும் கொட்டியது. அவள் பிறந்த கதை, டாக்டர் சொன்னது, தான் பட்ட பாடு, டீச்சரின் பெருமை. கதவுகள் திறந்தன, லைனே கூடிவிட்டது, ஆளுக்கு ஆள் பேசினோம். வர்க்கி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அவர் காலடியில் ஒரு சின்னக் குரல் திரும்பத் திரும்ப எதையோ சொல்லிக்கொண்டிருந்ததை யார் கவனித்தார்கள்?

ஒருநாளும் குரலை உயர்த்தாத வனிதா வாசலில் நின்று கத்தினாள்: "ஏங்க, வாயை மூடுங்க! அவ பேசிக்கிட்டிருக்கா!"

டக்ளஸ் நிறுத்தினார். நாங்களும் நிறுத்தினோம். எங்கள் லைன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தன்ஷிகா நசுங்கிப்போன வர்க்கியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். சொல்லிக்கொடுக்க எனக்கே நாக்குத் துடித்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"தா" என்றாள், கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி.