சிஸ்டரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

நாய் கடிக்க வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். ஓடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, மெல்லத் திரும்பி மரம் மாதிரி நிற்க வேண்டும். இதை மனைவிக்கும் பால்காரருக்கும் நடைப்பயிற்சியில் அகப்பட்டவர்களுக்கும் விளக்கியும் இருக்கிறேன். சூலூரைத் தாண்டி நாங்கள் குடிவந்திருக்கும் கிராமத்தில் ஒருநாள் காலை அந்த நாய் வந்தபோது, படித்தபடியே திரும்பி மரமாக நின்றேன். திரும்பி நிற்கும் மரத்தில் எந்த இடம் வசதியோ அந்த இடத்தில் கடித்துவிட்டுப் போனது. ஓடியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் சுவரில் யார் யார் பணியில் இருக்க வேண்டும், யாருக்கு என்ன வேலை என்று பெயின்டில் எழுதியிருந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வகக்காரர், உதவியாளர்கள் என்று சுவர் நிறைய ஆட்கள். உள்ளே போனால் ஒரே ஒரு சிஸ்டர். நாற்பது வயது இருக்கும். மேசைமேல் கிடந்த மூன்று செல்போன்களும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க சார், எங்கீங்க கடிச்சுது?"

"நம்ம தெருவிலேயேதான்."

"தெருவக் கேக்கலீங்க. ஒடம்புல."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். ஒரு பெரியவர் வாய்விட்டே சிரித்தார்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார் சிஸ்டர். கழுவிவிட்டு வந்து, டாக்டர் எங்கே என்று கேட்டேன். மீட்டிங்காம். இன்னொரு டாக்டர்? அந்த இடம் காலியாம். மருந்தாளுநர்? டெபுடேஷனில் வேறு ஊருக்குப் போயிருக்கிறாராம். ஆய்வகக்காரர்? "அவரு வந்தாருங்க, போயிட்டாருங்க" என்றார். வந்தது எப்போது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே சீட்டு எழுதுவது, பிரஷர் பார்ப்பது, மாத்திரை கத்தரித்துக் கொடுப்பது, ஃப்ரிட்ஜின் குளிர் சரியாக இருக்கிறதா என்று குறிப்பது, அத்தனையையும் போனில் ஏற்றுவது, நெட் போனால் மறுபடி ஏற்றுவது எல்லாம் அவர்தான். நடுவில் பிரசவ அறையிலிருந்து சத்தம் வந்தால் எழுந்து ஓடுவார். சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு நான் ஊசிக்கு நின்றபோதும் அப்படித்தான் ஓடினார். உட்காரவும் முடியாத நிலையில் கையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ போராட்டத்துக்கு வந்தவன் மாதிரி நெடுநேரம் நின்றேன். உள்ளே குழந்தை அழுத பிறகுதான் எனக்கு ஊசி.

பெஞ்சில் நிறைமாதமாக ஒரு பெண் இருந்தார். கணவன், மனைவி இருவருக்கும் பக்கத்துத் தறிக்குடோனில் வேலை.

"மொதக் கொழந்தையும் இந்தச் சிஸ்டர்தானுங்க பாத்தாங்க" என்றார். "கோயமுத்தூருக்குன்னா எங்கூட்டுக்காரரு தறிய நிறுத்திப்போட்டு வந்து கூட உக்காரோணும். இங்கீன்னா வலி வந்தா நானே நடந்து வந்துருவேன். சிஸ்டரு இருக்கறாங்கங்கற தைரியந்தானுங்க."

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. சுவரில் அத்தனை பேரை எழுதிவிட்டு ஒரு பொம்பளையின் முதுகில் மொத்தத்தையும் ஏற்றிவைத்திருக்கிறார்களே என்று மனைவியிடம் கத்தினேன். குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினால் கோபத்துக்கு மரியாதை இருப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் புகார் எழுதிப்போட மாட்டோம். சண்டைக்காரன் என்று பெயர் வந்துவிடும். அதற்குப் பதில், தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம். கல்லூரி இடம், கல்யாண மண்டபம், கரண்டு கம்பம் சாய்ந்தது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். என்னோடு படித்தவன் ஒருவன் சுகாதாரத் துறையில் பெரிய நாற்காலியில் இருந்தான். அவனைக் கூப்பிட்டேன். குறை சொன்னால் அந்தச் சிஸ்டருக்கே விளக்கம் கேட்டு ஓலை வரும் என்று எனக்குத் தெரியும். நான் உலகம் தெரிந்தவன். ஆகவே பாராட்டினேன். டாக்டர் இல்லை, மருந்து கொடுக்க ஆள் இல்லை, தன்னந்தனியாக ஒரு ஆஸ்பத்திரியையே அந்த அம்மா நடத்துகிறார், பார்த்துக் கண் கலங்கிவிட்டது என்று விஸ்தாரமாகச் சொன்னேன். கலங்கியது வேறு காரணத்தால் என்றாலும் கலங்கியது நிஜம்.

"அப்படியாப்பா? நல்ல ஆளா இருக்கறாங்களே. குறிச்சுக்கறேன்" என்றான். துணைக்கு இரண்டு பேராவது வருவார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஊசிக்கு ஒரு வியாழக்கிழமை போனேன். கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் மட்டும் இருந்தார்.

"சிஸ்டரு இல்லீங்க. இனிமே செவ்வா, வியாழன், சனி பக்கத்து ஊருக்கு டூட்டி போட்டுட்டாங்களாமா. நாளைக்கு வாங்க."

வாசலிலேயே நின்று நண்பனைக் கூப்பிட்டேன்.

"நீதானப்பா சொன்னே, தனியா ஆஸ்பத்திரியே நடத்துறாங்கன்னு!" அவன் குரலில் அத்தனை சந்தோஷம். "அந்த ஊர்ல ஆளே இல்லாமப் பூட்டிக் கெடந்துது. இவங்க சமாளிச்சுக்குவாங்கன்னு பாதி வாரம் அங்க போட்டுட்டேன். நல்ல நேரத்துல சொன்னே."

இங்கே ஆள் போடச் சொல்லித்தான் பேசினேன் என்றேன். ஆள் எங்கப்பா இருக்கு என்றான். போட்ட உத்தரவை உடனே மாற்ற முடியாது என்றும் சொன்னான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவன் நம்பியிருக்கிறான்; என் பேச்சை அந்த அளவுக்கு வீட்டில்கூட யாரும் நம்பியதில்லை.

மறுநாள் போனபோது இரண்டு நாள் கூட்டமும் ஒரே நாளில் நின்றது. அந்தத் தறிக்குடோன் பெண்ணும் வந்திருந்தார். வெகு நேரம் கழித்து என் முறை வந்தது.

"ஊசி ஒரு நாள் தள்ளிப்போச்சுங்க சார். இனித் தள்ளாதீங்க" என்றபடி சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். "நான் என்ன பண்ணட்டுங்க, யாரோ ஒரு புண்ணியவான் மேல போயி என்னைய ஓஹோன்னு சொல்லிப்போட்டாராமா. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிட்டிருக்கறேன்."

சும்மா இருந்திருக்கலாம். படித்தவனுக்கு அது வராது.

"அது நான்தானுங்க சிஸ்டர். உங்களுக்குத் துணைக்கு ஆள் போடுவாங்கன்னு நெனச்சுத்தான்..."

சிஸ்டர் ஊசியைக் குத்தினார். முந்தைய தடவை இவ்வளவு வலிக்கவில்லை. பிறகு பஞ்சைக் கையில் கொடுத்து, "அழுத்திப் புடிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"ஏனுங்க சார், உங்களுக்குத்தான் சொல்லிவெக்கற பழக்கம் இருக்குதுங்களே. அப்படியே என்ற வவுத்துல இருக்கறதுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிவெச்சுப்போட்டுப் போங்க, திங்க, பொதன், வெள்ளியாப் பாத்துப் பொறக்கச் சொல்லி."