மூன்று குழலும் உப்புத்தாளும்

கிருபாநிதியின் அப்பா கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே கிடக்கிறார். சாத்தான்குளம் பக்கத்து அந்தச் சபையில், நீக்கப்பட்டவனுக்கு உள்ளே இடமில்லை. மேலிரண்டு குழலில் ரவையும் கீழ்க்குழலில் தோட்டாவும் போடுகிற வெள்ளைக்காரப் பாதிரியாரின் வேட்டைத் துப்பாக்கி 1926இல் காணாமல் போனது. ஐந்து வருஷம் கழித்து அதே மாதிரி ஒன்று அப்பாவின் வீட்டில் இருந்தது. ஜெர்மன் கப்பல்காரனிடம் வாங்கினேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னார். போலீஸ்கூட விட்டுவிட்டது, சபை விடவில்லை. ஊருக்கென்ன, ஒருத்தனை நம்பாமலிருக்கக் காசா பணமா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணியே கிருபாநிதிக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. அப்பாவை மதிலுக்குள் கொண்டுவர வேண்டும். வேறு ஆசை அவருக்குக் கிடையாது. "துப்பாக்கி பாதிரியாரோடது இல்லன்னு ருசு கொண்டாரும், கமிட்டில பேசுதேன்" என்று போதகர் சொல்லியிருந்தார். ஆனால் லைசென்ஸிலேயே 'செய்த நாடு தெரியாது' என்றுதான் எழுதியிருந்தது.

1976இல் ஒரு ஜெர்மன் கப்பல் வந்தது. அதன் இன்ஜினியர் துப்பாக்கி செய்கிற ஊர்க்காரர் என்று கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஜேசுபாதம் சொன்னதும், கிருபாநிதி காலில் விழாத குறையாக இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

துப்பாக்கியைக் கண்டதும் வெள்ளைக்காரருக்கு முகம் மலர்ந்தது. அவர் சொன்னதை ஜேசுபாதம் தமிழில் சொன்னான்.

"அண்ணாச்சி, இது ஸூல்ங்கிற அவரு ஊர்ல செஞ்சதுதானாம். குழலுக்கு அடியில, சோதிச்ச மாசமும் வருசமும் குத்தியிருப்பாவளாம். இருபத்தாறுக்குப் பொறவு இருந்தா ஒங்க அப்பா மேல ஒரு கறையும் இல்ல."

நாற்பத்தைந்து வருஷத்து அவமானம் ஒரு எண்ணில் தீரப்போகிறது.

இன்ஜினியர் குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. ஏதோ கேட்டார்.

"இத இப்படித் தேய்ச்சது யாருன்னு கேக்காரு."

"நாந்தான்."

அப்பா செத்த பிறகு முப்பது வருஷம், உப்புக்காற்றுக்குப் பயந்து, சனிக்கிழமை தவறாமல் குழலைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஆரம்பத்தில் அங்கே புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. துரு அரித்த இடம் என்று நினைத்து அதைத்தான் அழுத்தித் தேய்த்தார். மகனாகப் பிறந்து அப்பாவுக்குச் செய்த பணிவிடை அது ஒன்றுதான்.

"ரெண்டு கோடு தெரியுதாம் அண்ணாச்சி. எண் இல்லையாம்."

வெள்ளைக்காரர் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அன்று முழுக்கக் கிருபாநிதி அந்தக் கையால் சாப்பிடவில்லை. அதன்மேல் அவருக்கு அவ்வளவு வெறுப்பு.

சனிக்கிழமை, மனைவி ஜெபசெல்வி வழக்கம்போல உப்புத்தாளை எடுத்து வைத்தாள்.

"வேண்டாம்ளா. துருப்பிடிக்கட்டும்."

தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் செத்தா அப்பா பக்கத்துலயே வச்சிரச் சொல்லு. வெளியவே."

"அப்பம் என்னய எங்கன வைப்பாவ?" என்றாள், முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள்.