நாவலில் இல்லாத எஞ்சின்

அந்த ஆற்றங்கரை ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்கள். அதில் வாய் ஓயாத ஒரு படகோட்டி உண்டு. அவன் படகு விட்டதாக நாவல் சொல்லும் துறையில் இன்று படகு விடுகிறவள் ஒரு பெண். புருஷன் போனபின் கையிலெடுத்த துடுப்பை இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது வலது தோள் மக்கர் பண்ணுகிறது. தலைவாரக்கூடக் கை மேலே எழும்புவதில்லை.

மெக்கானிக்கான கொழுந்தன் ஒரு பழைய எஞ்சினைப் பிரித்து மேய்ந்து ஓடவைத்துக் கொடுத்தான். ஆனால் துறை இலக்கிய நினைவுக் குழுவின் பொறுப்பில் இருந்தது. குழுச் செயலாளர் குறுக்கே நின்றார்.

“கதையில துடுப்புதாம்மா. எஞ்சினுக்கு அனுமதி கிடையாது.”

“கதையில அந்த ஆளு வெள்ளத்துல போயிடறானாமே. அதையும் நான் செஞ்சு காட்டணுமாங்க ஐயா?”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூட்டத்துல பேசறேன்.”

“மழைக்கு முன்னாடி பேசி முடிங்க. ஆறு கூட்டம் போட்டுட்டு ஏறாது.”

வீட்டில் கொழுந்தன் தலையைச் சொறிந்தான். “அண்ணி, பேசாம சந்தைத் துறைக்கு மாறிடுங்களேன். அங்க எவனும் புஸ்தகம் படிக்கறதில்ல.”

“நான் எதுக்குடா போகணும்? அந்தப் படகோட்டி கதையில செத்தவன். நான் உசுரோட இருக்கறவ.”

அன்றிலிருந்து படகில் ஏறுகிறவர்களைக் கவனித்தாள். பழைய கிடங்குக்கு எதிரே ஆறு வளைகிற இடம்வரை கேமரா ஓயாது. அங்கேதான் கதையின் படகோட்டி மூழ்கினானாம். வளைவு தாண்டியதும் எல்லோரும் போனை நோண்டுவார்கள். இழுப்பான தண்ணீரும் அவள் தோள்வலியும் அங்கேதான் ஆரம்பம்.

கூட்டத்துக்கு அழைப்பில்லாமலே போய் நின்றாள்.

“வளைவு வரைக்கும் துடுப்பு போடறேன். அதுக்கப்புறம்தான் அந்த ஆளே இல்லையே. யாரோட துடுப்பைக் காப்பாத்தறீங்க?”

செயலாளர் நாவலை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். வளைவுக்கு அப்பால் படகே இல்லை. ஒரு கிழவர் உரக்கச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குமுன் செயலாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மழை தொடங்கிய வாரம், வளைவில் அவள் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டாள். புத்தகமும் கையுமாக இருந்த ஒருவர் பதறினார். “ஏம்மா நிறுத்திட்டீங்க?”

“உங்க கதை முடிஞ்சுதுங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

இடது கையால் எஞ்சின் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.