எழுபத்தைந்து ஓம் தனக்கொடி

முத்தியால்பேட்டையில் தனக்கொடியிடம் போய், "ஏதோ ஒரு வயரு குடும்மா" என்று கேட்டுவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தவர் கிடையாது. "ஏதோ ஒரு வயரா? கறிக்கடைக்குப் போயி ஏதோ ஒரு கறின்னா கேப்பீங்க? எதுல இருந்து எதுக்குப் போவுது, எத்தினி தூரம், உள்ள போறது பாட்டா, படமா, நம்பரா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று பிடித்துக்கொள்வாள். வந்தவர் தலையைச் சொறிவார். பிறகு அவளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடுவரைக்கும் போய்ப் பார்த்து, டேப்பை வைத்து அளந்து, வயரைச் செய்து மாட்டிவிட்டுத்தான் ஓய்வாள். கோபம் வேறு, வேலை வேறு அவளுக்கு.

பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு டிவி செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்து, பத்து வருஷம் லைனில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தாள். கடைசி மூன்று வருஷம் அவள் கை பட்ட போர்டு ஒன்றுகூடச் சோதனை மேசையிலிருந்து திரும்பி வந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். சொன்னால் என்ன? உண்மைதானே!

கம்பெனியை மூடிவிட்டார்கள். தனக்கொடி ஊரில் இருக்கிற பெரிய ஆடியோ கடை ஒன்றில் போய் வேலை கேட்டாள். மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிரிச்ச முகமா இருக்கியே, கவுன்ட்டர்ல நில்லும்மா. சர்வீஸ் ரூமுக்குப் பொம்பளைங்கள எடுக்கறதில்ல" என்றார். அந்தச் சிரித்த முகம் அந்த நிமிஷமே போயிற்று. நேரே வீட்டுக்கு வந்து, முன்னறைக் கட்டிலை வெளியே தள்ளி மேசை போட்டு, மைக் செட்காரர்களுக்கு வயர் செய்ய ஆரம்பித்தாள்.

நாலு வருஷத்தில் வேலைக்குக் குறைவில்லை. மைக் செட்காரர், கேபிள் டிவிக்காரர், ஆர்கெஸ்ட்ராக்காரர் என்று ஆள் வந்துகொண்டேயிருந்தது. ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனில் இருக்கிற குடும்பங்கள் புதுச்சேரியில் எத்தனை! அந்த வீடுகளில் பாரிஸிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயரும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கரும் நிற்கும். அதில் ஏதாவது கோளாறு என்றால் அந்தப் பெரிய கடையிலிருந்துதான் ஆள் போவான். தனக்கொடியை அந்த வாசலில் யாரும் கூப்பிட்டதில்லை.

"அதுல ஒரே ஒரு வூடு தொறக்கட்டும்யா" என்பாள் கணவன் தணிகாசலத்திடம். "அவங்கல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற ஆளுங்க. ஒண்ணு தொறந்தா மீதி தானா தொறக்கும். ஒண்ணுல சொதப்பினா, அவ்ளோதான், ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாங்க."

"தொறக்கும், தொறக்கும். நீ மொதல்ல அந்த ஈயப் புகைக்கு ஜன்னலத் தொற" என்பார் அவர்.

2004 ஜூலையில் அது திறந்தது. வீட்டுக்காரர் பெயர் ஜோசப் ஆனந்த். இருபது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்கிறாற்போல 'முசே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி காலையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் கொடி வணக்கத்துக்குப் போவார்கள். அந்த வருஷம் அது முடிந்ததும் மதிய விருந்து முசே வீட்டில். இருபது பேர். மகன் பாரிஸிலிருந்து அனுப்பிய புதுக் கன்வர்ட்டரில் அவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்று முசேவுக்குக் கொள்ளை ஆசை.

கன்வர்ட்டர் என்பது ஒன்றும் பெரிய மாயமில்லை. சிடி வட்டில் பாட்டு நம்பர்களாக இருக்கிறது. பிளேயர் அந்த நம்பர்களை ஒரு வயர் வழியாக அனுப்பும். கன்வர்ட்டர் அதை வாங்கிப் பாட்டாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். பிளேயர் நடு ஹாலில் டிவியோடு இருந்தது. அதை நகர்த்த முசேவின் மனைவி ஆனந்தமேரி ஒத்துக்கொள்ளவில்லை. கன்வர்ட்டரும் ஆம்ப்ளிஃபயரும் விருந்தாளிகள் உட்காரும் முன் அறையில், அவர்கள் சொல்படி சலோனில். நடுவே இரண்டு வாசற்படி, பத்து மீட்டர்.

பெரிய கடையிலிருந்து வந்தவன் முதலில் வெளிச்சத்தில் நம்பரைக் கொண்டுபோகிற கண்ணாடிமாதிரி வயர் போட்டான். பாட்டு வரவேயில்லை. அப்புறம் சிவப்பு வயர் போட்டான். பாட்டு வந்தது, ஆனால் நொண்டி நொண்டி வந்தது. ஒரு வரிக்கு நாலு 'டிக்', நடுநடுவே அமைதி. "பொட்டிலதான் கோளாறு, பாரிஸுக்குத் திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கேபிள் டிவிக்காரர் ஒருவர்தான் தனக்கொடியின் பெயரைச் சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவள் போனாள். முசே நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "உன்னால ஆவுமா?" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றேன் முசே."

வெளிச்ச வயரின் ஒரு முனையைப் பிளேயரில் மாட்டி, மறுமுனையைக் கைக்குள் பொத்திப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சம் அணைகிற ஊதுவத்திபோலத்தான் தெரிந்தது. வாசற்படி மூலையில் வயரை மடக்கி ஆணி கிளிப்பை வைத்து அறைந்திருந்தான். அந்த வயரை மடக்கினால் உள்ளே நொறுங்கிவிடும். சிவப்பு வயரைத் தடவிக்கொண்டே போனாள். நடு வழியில் டேப். பிரித்துப் பார்த்தால் இரண்டு மெல்லிய பாட்டு வயரை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தான்!

"பொட்டி தங்கமா இருக்கு முசே. திருப்பி அனுப்பாதீங்க. நம்பர் போற வயருக்கு எழுபத்தஞ்சு ஓம்னு ஒரு அளவு இருக்கு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அதே அளவு இருக்கணும். இல்லன்னா போற நம்பர் பாதி வழில மோதித் திரும்பி வரும். அதான் நொண்டுது. நாளைக்குக் கொண்டாறேன்."

மறுநாள் அவள் பையிலிருந்து எடுத்த வயரைப் பார்த்ததும் முசே எழுந்தே விட்டார். கருப்பு நிறம், சுண்டுவிரல் கனம். "இது தெருக் கம்பத்துல தொங்கற கேபிள் டிவி வயரு! என் பொட்டிக்கு இதா?"

"அதேதான்" என்றாள் தனக்கொடி, கொஞ்சமும் அசராமல். "அது சரியா எழுபத்தஞ்சு ஓம். கடைல கண்ணாடிப் பொட்டில வெச்சி விக்கறதுக்குள்ளயும் இதான் இருக்கும். மேல பட்டு சுத்தியிருப்பான். ரெண்டு பக்கமும் பின்னு நான் பத்தவச்சது. இழுத்துப் பாருங்க, வருதான்னு."

மூலைகளில் உள்ளங்கை அகலத்துக்கு வளைவு விட்டு, வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோனாள். மாட்டினாள். ஆனந்தமேரி நடு ஹாலில் வட்டைப் போட்டார். ஒரு 'டிக்' இல்லை. பாட்டு தண்ணீராக ஓடியது. தனக்கொடி இடுப்பில் கைவைத்துக்கொண்டு முசேவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை.

பாட்டு முடிந்தது. சலோன் முழுக்க 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அது.

முசே முகம் மாறியது. "நாளைக்கு இந்த ரூம்ல இருபது பேரு உக்காருவாங்க. இதத்தான் கேப்பாங்களா? நொண்டிக்கிட்டாவது வந்துது, இப்ப மாடு கத்துது. தெரு வயரப் போட்டா இப்படித்தான். நான் கடைக்கே போன் பண்றேன்."

தனக்கொடிக்குக் காது சூடேறியது. அவள் செய்த வயரில் குறையே இருக்க முடியாது. ஆனால் இரைச்சல் இருக்கிறதே! "ஒரு மணி நேரம் குடுங்க முசே. அதுக்குள்ள நிக்கலன்னா நானே வயரச் சுருட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னைக் கழற்றிச் சோதித்தாள். சுத்தம். கன்வர்ட்டரை நகர்த்தினாள். நிற்கவில்லை. அரைமணி ஓடிவிட்டது. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பலாம் என்று அதன் இரும்பு உடம்பில் கைவைத்தாள். விரல் சுருக்கென்றது. கூடவே இரைச்சலும் குறைந்தது. கையை எடுத்தாள், ஏறியது. வைத்தாள், குறைந்தது. அடச்சே! வயர் வயர் என்று என் வயரையே பார்த்துக்கொண்டிருந்தேனே, கரண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். குனிந்து பிளக்கைப் பார்த்தாள்.

பிரெஞ்சு பிளக். உருண்டையாக, இரண்டு காலோடு, நம் ஊர் சாக்கெட்டின் கீழ் இரண்டு ஓட்டைகளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"முசே, பாரிஸ் சாக்கெட்டுல ஒரு கம்பி வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமா?"

"ஆமா. பிளக்குல இருக்கற ஓட்டைல அது நுழையும்."

"அதான் எர்த்து. நம்ம ஊரு சாக்கெட்டுல அந்தக் கம்பி இல்ல. உங்க ஆம்ப்ளிஃபயருக்கு எர்த்தே கெடையாது. கசியற கரண்டு போக வழியில்லாம என் வயரு மேலயே டிவி பக்கம் ஓடுது. அந்தச் செவப்பு வயரு ஒட்டுல மேல்கம்பி சரியா சேரல, அதான் அப்ப இந்தச் சத்தம் வரல. இந்த பிளக்க வெட்டிட்டு நம்ம மூணு பின்னு போடணும்."

"வெட்டறதா?" முசே குரல் உயர்ந்தது. "அது வந்தபடியே இருக்கு. எங்க ஆளுங்க வூட்ல ஒருத்தரும் பிளக்க வெட்ட மாட்டாங்க. வர்றவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க. அது இருந்தாத்தான் அங்க இருந்து வந்த சாமான்!"

அது உண்மைதான். அந்த வீடுகளில் இஸ்திரிப் பெட்டிக்குக்கூட அந்த உருண்டை பிளக்கை அப்படியே வைத்திருப்பார்கள். அது அவர்களுக்கு ஒரு மெடல் மாதிரி. தனக்கொடிக்கு அது புரியாமலில்லை. பத்து வருஷ லைன் வேலையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவளுக்குப் புரியாதா? ஆனாலும் கட்டரைக் கையில் எடுத்தாள். "பிளக்கப் பாக்கப் போறாங்களா, பாட்டக் கேக்கப் போறாங்களா? நீங்களே சொல்லுங்க முசே" என்றாள்.

ஹாலிலிருந்து ஆனந்தமேரி வந்தார். "நீ வெட்டும்மா. தொடைக்கும்போதெல்லாம் கை சுருக்கு சுருக்குங்குது, எத்தினி மாசமாச் சொல்றேன், இந்த மனுஷன் கேட்டாத்தானே!"

முசே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தனக்கொடி வெட்டினாள்.

மூன்று பின் போட்டு, போர்டில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. முசே ஸ்பீக்கரில் காதை வைத்து, "கரண்டு இல்லியா?" என்று கேட்டார். "பாட்டப் போடுங்க மதாம்" என்று உள்ளே குரல் கொடுத்தாள் தனக்கொடி. பாட்டு கிளம்பியதும் முசே இரண்டடி பின்னால் போனார். "நாளைக்கு மத்தியானம் நானும் வருவேன்" என்றாள் அவள். அழைக்கட்டும் என்றெல்லாம் அவள் காத்திருக்கவில்லை.

பதினாலாம் தேதி மத்தியானம். சலோனில் கோட்டும் மெடலுமாக இருபது பெரியவர்கள். தனக்கொடி கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் ஓரமாக நின்றாள். பாட்டு ஓடியது. பாடுகிறவர் மூச்சு வாங்குவது வரைக்கும் கேட்டது. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"பாரிஸ் பாரிஸ்தான்" என்றார் ஒருவர். "பொட்டின்னா இதுல்ல பொட்டி" என்றார் இன்னொருவர். "என் மகன் அனுப்பினது" என்றார் முசே. அவ்வளவுதான் சொன்னார். ஒருவர் தனக்கொடியைப் பார்த்து, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா என்றார்.

தனக்கொடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேரே ஆம்ப்ளிஃபயரிடம் போய்ச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். "மதாம்! அந்தப் பக்கம் கருப்ப உருவிட்டு அந்தச் செவப்ப மாட்டுங்க" என்று ஹாலைப் பார்த்துக் கூவினாள். சுவரோரம் இன்னும் கிடந்த பழைய சிவப்பு வயரின் முனையை இந்தப் பக்கம் இவள் மாட்டினாள். சத்தத்தை ஏற்றினாள்.

பாட்டு நொண்டியது. டிக். டிக். அமைதி. அரை வார்த்தை. டிக்.

"என்ன ஆச்சு, பொட்டி போயிடுச்சா?" என்று பதறினார்கள்.

"பொட்டி அதே பொட்டிதான். இது கடைக்காரர் போட்ட வயரு" என்றாள் தனக்கொடி. மறுபடியும் சத்தத்தைக் குறைத்து, ஆனந்தமேரிக்குக் குரல் கொடுத்து, கருப்பை மாட்டி ஏற்றினாள். பாட்டு பழையபடி தண்ணீராக ஓடியது. "இது நான் போட்டது."

முசே மெல்ல எழுந்தார். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டு மூன்று பின் பிளக்கை எல்லோரும் பார்க்கிறாற்போலத் தூக்கிக் காட்டினார். "இதையும் இவங்கதான் வெட்டிப் போட்டாங்க. நான்தான் வெட்ட வுட்டேன்" என்றார். நேற்றுவரை 'நீ' என்றவர்.

தண்ணீர் கேட்டவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து, கருப்பு வயரின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த கம்பெனி?"

"தனக்கொடி."

"எங்க செய்யறது?"

"முத்தியால்பேட்டைல."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து காலைக் கொடி வணக்கத்தின் அழைப்பிதழை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு நீட்டினார். "அட்ரஸ் எழுதிக் குடுங்க." அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து இன்னோர் அழைப்பிதழ் நீண்டது. அப்புறம் இன்னொன்று. ஏழு பேருக்கு எழுதிக் கொடுத்தாள் தனக்கொடி. ஏழிலும் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில்தான் எழுதினாள்.