பல்லில் கடித்த லாக் பின்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, டிராக்டரின் பின்புறம் கருவி மாட்டும் வலது இரும்புக் கையைத் தூக்கிப் பிடிக்கும் தண்டில் துருப்பிடித்து இறுகிப்போன திருகைத் தளர்த்தியது. ஒரு ஞாயிறு காலை. டீசலை ஊற்றி ஊறவிட்டோம். சுத்தியலால் தட்டினோம். பெரிய ஸ்பேனரைப் போட்டு இருவரும் தொங்கியதும், ஒரு கத்து கத்திவிட்டு அது சுழன்றது.

டிராக்டர் மாமாவுடையது. அம்மாவின் அண்ணன். அப்பா விட்டுவிட்டுப் போனபோது கைக்குழந்தையான என்னோடு அம்மா அவரிடம் வந்தாள். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார். டிரைவர் வராத ஒரு நாள் அம்மா வண்டியில் ஏறினாள். பிறகு இறங்கவே முடியவில்லை. மாமா ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. அத்தை ஒரு வேளைகூட முகம் சுளித்துச் சோறு போட்டதில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பக்கூடக் காரணம் கிடைக்காத வீடு.

அக்கம்பக்கத்தில் அவளுக்குக் கொக்கியக்கா என்று பெயர். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் கருவியை டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் மாட்ட வேண்டும். கீழே இடது கை, வலது கை. மேலே ஒரு கம்பி. வலது கையின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பதற்குத்தான் அந்தத் திருகு. அது இறுகிவிட்டதால் கையின் துளை ரோட்டவேட்டரின் முளைக்கு நேராக வராது. கடப்பாரையால் நெம்பித்தான் கோர்க்க முடியும். அந்த நெம்பு அம்மாவுக்கு மட்டுமே பிடிபட்டது. மற்றவர்கள் விரலை நசுக்கிக்கொண்டு ஓடினார்கள். திருகைச் சரிசெய்யச் சொன்னால் மாமா, "கொக்கி இருக்கையில ஸ்பேனர் எதுக்கு?" என்பார்.

நெம்ப ஒரு கை, கோர்க்க ஒரு கை. முளை கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் சின்ன லாக் பின்னை அம்மா பல்லில் கடித்துக்கொள்வாள். அதில் முன்பல் ஒன்று மூளியானது. மாமா வேலை சொல்ல வருவதும் அந்த நேரத்தில்தான். சூழ்ச்சி என்று சொல்லமாட்டேன். அவள் ஓரிடத்தில் நிற்பதே அப்போதுதான். மேற்கு வயலையும் ஒரு தடவை ஓட்டிவிடு, பிள்ளை படிப்பு முடியும்வரை இரு, இந்தப் பருவம் மட்டும் இரு. அம்மா மூக்கால் 'ம்' என்பாள். மாமா திருப்தியாகப் போய்விடுவார். பாதி ஆயுளை அவள் இப்படித்தான் ஒப்புக்கொண்டாள்.

நான் படித்து, ஒரு தொழிற்சாலையில் ஹைட்ராலிக் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனேன். என்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "என்னை விட்டா அதை யாருடி மாட்டுவா?" என்பாள். எனவே யாரும் மாட்டக்கூடியதாக அதை ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். மாமாவும் ஒரு டிரைவரைப் பிடித்திருந்தார். லாரி ஓட்டிச் சலித்தவர்.

திருகு சுழன்றதும் மாட்டிப் பார்த்தோம். அம்மா வண்டியைப் பின்னால் எடுத்து, பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். அதுவரை நான் சுவரோரம் நின்றேன். வண்டி அசையும்போது நடுவில் நிற்க அவள் யாரையும் விட்டதில்லை. முதலில் இடது. பிறகு வலது. திருகைச் சுழற்றச் சுழற்றக் கை இறங்கி முளைக்கு நேராக வந்தது. கடைசியாக மேல்கம்பி. கடப்பாரைக்கு வேலையில்லை. லாக் பின் என் உள்ளங்கையில் இருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "வண்டிக்கு முடக்குவாதம் தீந்துடுச்சா?" என்றார். பிறகு வழக்கம்போல, "டிரைவர் பழகுற வரைக்கும் இருந்துட்டுப் போயேம்மா. அடுத்த பருவம் வரைக்கும்."

அம்மாவின் வாயில் எதுவும் இல்லை.

"இல்லண்ணே. வெள்ளிக்கிழமை கிளம்புறேன்."

மாமா என் கையைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா டயரில் சாய்ந்துகொண்டாள். "சொல்லிட்டேன்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

மாலை என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது, ஒரு வேலை பாக்கி என்றாள். பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் சங்கிலியோடு லாக் பின் கிடைக்கும். வண்டியிலேயே தொங்கும், கடிக்க வேண்டியதில்லை. டிரைவருக்கு வாங்கி மாட்டிவிட்டு வருகிறேன் என்றாள். "அவருக்காவது பல்லு மிஞ்சட்டும்." ஞாயிறு என்பதால் கடை பூட்டியிருந்தது.

வியாழக்கிழமை மேற்கு வயலில் அவள் இதயம் நின்றது.

நான் போனபோது டிராக்டர் வரப்போரம் இருந்தது. ரோட்டவேட்டர் தரையில் இறக்கப்பட்டிருந்தது. பிரேக் போட்டிருந்தது. சாவி அவள் கைக்குள் இருந்ததாகச் சொன்னார்கள். நெஞ்சுவலியோடு இவ்வளவையும் வரிசை தவறாமல் செய்துவிட்டு இறங்கி, டயர் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள்.

மேற்கு வயலுக்கு ஏன் போனாள் என்று டிரைவரிடம் கேட்டேன். முந்தின நாள் அவருக்கு மாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அப்போது மாமா வந்து, போவதற்கு முன் அதை மட்டும் முடித்துவிடச் சொன்னாராம்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'ம்'னாங்க. வாயில பின்னு இருந்துச்சு."

நெம்ப வேண்டியதில்லை. ஒரு கை சும்மாதான் இருந்திருக்கும். ஆனாலும் பழக்கம்.

மாமா அழுதார். பொய் அழுகை இல்லை.

அவள் துணிகளை எடுக்க மறுபடி போனேன். ஷெட்டில் டிரைவர் தனியாக ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். திருகு லேசாகச் சுழன்றது. பின்னைப் பல்லில் கடித்திருந்தார், அம்மா காட்டிக்கொடுத்தபடியே.

நான் இறங்கிய பஸ் அந்தக் கடைக்கு எதிரேதான் நின்றது. கடை திறந்திருந்தது. சங்கிலிப் பின்னை அம்மா வாங்கவில்லை. நானும் வாங்கிவரவில்லை.