சீர்த்தட்டில் போன சம்படம்

உஷாராணியின் கைப்பையில் அவளுடையது என்று சொல்ல ஒரு சீப்பு மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் புருஷன் சந்திரசேகருடைய சொத்து. இன்சுலின் பேனா, அதில் மாட்டும் ஊசிகள், சர்க்கரை பார்க்கும் மிஷின், சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் வாயில் போடக் கற்கண்டுப் பொட்டலம். வியாதி அவருக்கு, கைவலி இவளுக்கு. கடைவீதிக்குப் போனாலும் சரி, இழவு வீட்டுக்குப் போனாலும் சரி, அந்தப் பை இவள் தோளில்தான் தொங்கும்.

நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. முரட்டுத் துணியில் ஊசி ஏற்றி ஏற்றிக் கை காய்த்துப்போனவள். மிச்சம் விழுந்த காக்கித் தார்ப்பாயில் வார் வைத்து, உள்ளே அறை பிரித்து, அவருக்கென்று ஒரு பை தைத்துக் கொடுத்தாள். பட்டறையில் லாரிக்கு வெல்டிங் வைக்கிற மனுஷன், அதை மாட்டிக்கொண்டால் கண்டக்டர் மாதிரி இருக்கிறதென்று ஆணியில் தொங்க விட்டார். உண்மைக் காரணம் அவளுக்குத் தெரியும். தான் ஊசி போட்டுக்கொள்வது நாலு பேருக்குத் தெரியக்கூடாது, முக்கியமாகத் தங்கச்சி சரிதாவின் மாமியார் வீட்டுக்குத் தெரியவே கூடாது.

போன வாரம் டாக்டர் சர்க்கரை அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளைப் பார்த்து, நீங்கள் கவனிக்கக் கூடாதா அம்மா என்றார். இந்த மனுஷனோ பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். உஷாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் சொல்லிவிட்டாள், இனிமேல் அவர் சாமானை அவரே சுமக்க வேண்டும், திங்கட்கிழமை காதுகுத்திலிருந்தே ஆரம்பம் என்று.

காதுகுத்து சரிதாவின் மகள் தனப்பிரியாவுக்கு. சந்திரசேகர்தான் தாய்மாமன். அவர் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும், அவர் கொண்டுவரும் சீர்தான் சபையில் பேச்சாகும். திங்கள் விடியலில் உஷாராணி கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தாள். கோபத்தில் கற்கண்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளை வேட்டி சட்டைக்குக் காக்கிப் பை ஆகாது என்று அவர் அதைத் தொடவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்து எல்லாவற்றையும் அதில் போட்டு, மூடி அழுத்திக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் காக்கிப் பையை மட்டும் மடித்துத் தன் கைப்பையில் செருகிக்கொண்டாள்.

சீர்த்தட்டுகளைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு அங்கிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் கூப்பிடு தூரம்தான். ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் உள்ளே போய்விட வேண்டும், போனதும் டிபன் என்று ஏற்பாடு. அதை நம்பி சந்திரசேகர் கோயில் மதிலுக்குப் பின்னால் போய்த் தானாகவே ஊசி போட்டுக்கொண்டு வந்தார். வந்து அவளைப் பார்த்த பார்வையில் முதல் மார்க் வாங்கிய பெருமை. அவளுக்கும் மனசு கொஞ்சம் இறங்கியது.

அந்த நிம்மதி தெரு முனை வரைக்கும் தாங்கவில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் முக்குக்கு முக்கு நின்று அடிக்க, பங்காளி வீட்டு இளசுகள் அங்கேயே ஆடித் தீர்க்க, மண்டப வாசலுக்கு வந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. சரிதாவின் மாமனார் சுவாமிநாதன் உள்ளேயிருந்தபடியே சொல்லி அனுப்பினார். ஒன்பது அடித்த பிறகுதான் ஆரத்தி, அதுவரை சீர் வாசலைத் தாண்டக்கூடாது. தட்டுகளை ஏந்திய பெண்கள் வெயிலில் நின்றார்கள். ஊசி போட்டும் வயிற்றுக்குள் எதுவும் போகாத மாமனும் நின்றார். உள்ளே சாம்பார் மணத்தது.

நேரம் போகப் போக உஷாராணி அவர் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வியர்வை பூத்தது. யாரோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தார். பிறகு நாக்குக் குழறியது, கை நடுங்கியது.

"ஏனுங்க, சம்படம் எங்கீங்க?"

"தட்டுல" என்றார்.

"எந்தத் தட்டுல?"

பதிலைச் சொன்னது அவரல்ல, பக்கத்தில் நின்ற அவருடைய பெரியப்பா பெரியசாமி. கோயிலில் எண்ணியபோது தட்டு ரெட்டைப்படையில் நின்றதாம். சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். ஒரு தட்டுக்கு என்ன செய்வது என்று எல்லோரும் முழித்தபோது, சந்திரசேகரே சம்படத்தைக் காலித் தட்டில் வைத்து, மூடிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுத்துவிட்டாராம். சமயத்தில் மானத்தைக் காப்பாற்றினான் என்று பெரியசாமி மெச்சிக்கொண்டார்.

உஷாராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. அத்தனை தட்டும் ஒரே மாதிரி பளபளத்தன. அந்தச் சம்படம் யார் கையில் இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தால் மனுஷன் கீழே விழுந்துவிடுவார். விடிகாலைக் கோபத்தில் கற்கண்டைக் கொட்டிய தன் கையை நினைத்தும் ஆத்திரம் வந்தது. பக்கத்தில் சொந்தக்காரப் பெண் அன்புச்செல்வி ஏந்தியிருந்த தட்டில் கற்கண்டு தெரிந்தது. இரண்டே எட்டில் போய்க் கண்ணாடித்தாளைக் கிழித்தாள். ஒரு பிடி அள்ளி அவர் வாயில் திணித்து, மென்று விழுங்கச் சொல்லித் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியசாமி பதறிப்போனார்.

"சபைக்குப் போகாத சீர்ல கைய வெச்சுட்டியே சாமி. தட்டுக் கணக்குப் போச்சே."

"தட்டுக் கொறஞ்சா கடையில வாங்கிக்கலாமுங்க பெரியப்பா. இந்த மனுசனுக்கு எந்தக் கடைக்குங்க போறது? கெடைச்சாலும் இன்னொருக்கா நான் வாங்க மாட்டனுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். பயம் பாதி, எரிச்சல் பாதி. அவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்து இன்னும் கொஞ்சம் கற்கண்டு கொடுத்தாள். மெல்ல வியர்வை அடங்கி, முகத்துக்குக் களை திரும்பியது. யாரோ உள்ளே ஓடி இட்லி கொண்டுவந்தார்கள். ராகு காலத்தில் இட்லி மட்டும் வாசலைத் தாண்டலாம் போலிருக்கிறது.

ஒன்பதுக்கு ஆரத்தி எடுத்தார்கள். சீரைச் சபையில் பரப்பியதும் சரிதாவின் மாமியார் நல்லம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். சம்படத்தைத் திறந்து ஊசியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். காது குத்த ஆசாரி வந்திருக்கும்போது மாமன் எதற்கு ஊசி கொண்டுவந்தான் என்று கேட்க, பெண்கள் சிரித்தார்கள். சரிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

உஷாராணி எழப் போனாள். எப்போதும்போல ஏதாவது சொல்லி மழுப்ப வேண்டும், தன்னுடையது என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் சந்திரசேகர் சபைக்கு நடுவே நடந்து போனார்.

"அது என்னுதுங்க அத்தை. எனக்குச் சக்கரைங்க. தெனமும் ஊசி போடோணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சம்படத்தை வாங்கிக்கொண்டு நேராக உஷாராணியிடம் வந்து, அந்தக் காக்கிப் பையைக் கேட்டார். சாமானை அதில் மாற்றி, வெள்ளைச் சட்டைக்கு மேலே குறுக்காக மாட்டிக்கொண்டார். நிஜமாகவே கண்டக்டர் மாதிரிதான் இருந்தார். அந்தக் கோலத்தில்தான் தனப்பிரியாவை மடியில் வைத்துக்கொண்டார், போட்டோவிலும் பை விழுந்திருக்கிறது.

மத்தியானம் பந்தியில் இலை போட்டார்கள். சந்திரசேகர் பக்கத்து இலையில் இருந்த உஷாராணியிடம் திரும்பினார்.

"இப்பப் போட்டுக்கலாமா உஷா?"

"பையி உங்ககிட்டத்தான இருக்குது" என்றாள்.

அவர் பொரியல் விழும்வரை, சோறு விழும்வரை காத்திருந்தார். பிறகு சட்டையைத் தூக்கி, அங்கேயே போட்டுக்கொண்டார். அவள் பார்க்காத மாதிரி அப்பளத்தை நொறுக்கினாள். தாள் கிழிந்த தட்டிலிருந்த மிச்சக் கற்கண்டு முழுதும் அவள் கைப்பையில், சீப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.